முருகன் எந்தப் பக்கம் பார்க்கிறார்?

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு சிவகாசியிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்துவிடும். அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம். ஆடி 18-க்குப் பூஜை போட்டு ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அதைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி, ஆத்தூர், திருச்செந்தூர், காயல்பட்டினம், உடன்குடி என்று கடை கடையாக ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. கார்த்திகைக்குள் ஆர்டர் பிடிக்க வேண்டும், மார்கழியில் கட்டுக்கட்டாகக் கொண்டு போய்ப் போட வேண்டும். மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ்.

இந்தத் தடவை ஆல்பத்தைப் புரட்டினால் முருகன் பக்கங்களில் பாதி புதுசு. ஜிம்முக்குப் போன நெஞ்சு, வயிற்றில் கட்டம் கட்டமாகச் சதை, பின்னால் மின்னல், காற்றில் பறக்கும் தலைமுடி. எல்லாம் ஏ.ஐ. வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது. ஒன்றில் மயிலின் தோகை இறக்கையிலிருந்து முளைத்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை போல.

ஆத்தூரில் ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவரு என்னயப் பாக்க மாட்டேங்காரே. யாரையோ அடிக்கப் போறாரு போல இருக்கு. காலையில கடையத் தொறந்து பத்தி காட்டுனா, நான் யாரப் பாத்துக் கும்பிடதுக்கு?”

பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மகன் சிரித்தான். “அப்பா, இப்ப இதான் ஓடுது.” அவன் வாட்ஸ்அப் முகப்பிலும் அதே மாதிரி முருகன்தான். கடைசியில் கடைக்கென்று அடிக்கிற தினசரி காலண்டருக்குப் பழைய படம், மகன் சிநேகிதர்களுக்குக் கொடுக்க கொஞ்சம் கையடக்கக் காலண்டருக்குப் புதுப் படம் என்று இரண்டு ஆர்டர் எழுதினேன். எனக்கு லாபம்தான்.

ஆனால் அண்ணாச்சி சொன்னது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் சாமி படம் விற்கிறேன். எந்தக் குருக்களும் எந்த ஆதீனமும் வந்து “சாமி முகம் இப்படி இருக்க வேண்டும்” என்று எங்களிடம் சொன்னதில்லை. சிற்ப சாஸ்திரம் கருவறைக்குள் இருக்கிறது. வீட்டுச் சுவரில், கல்லாப்பெட்டிக்கு மேலே, பஸ் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற சாமியின் முகத்தை முடிவு செய்தது நாடக மேடை, அச்சகம், சினிமா, இப்போது செல்போன். வாங்குகிறவர் கண்ணுக்கு எது பழகியிருக்கிறதோ அது அச்சாகிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைக் கோவில்பட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சி. கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், அப்புறம் நாடகக் கம்பெனிகளுக்கு சீன் வரைந்து ஊர் ஊராகத் திரிந்தவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர் டி.எஸ். சுப்பையாவோடு சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டுடியோ நடத்தினார். பக்கத்திலேயே சிவகாசி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் அங்கே வளர்ந்தது. மிஷின் இருக்கிறது, மை இருக்கிறது, படம் வரைய ஆள் வேண்டும். ஆள் கோவில்பட்டியில் இருந்தார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் முருகனும் லட்சக்கணக்கில் அச்சாகி வீடுகளுக்குள் போயின. 1976-ல் அவர் காலமானார். படங்கள் இன்னும் ஆல்பத்தில் இருக்கின்றன, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, பின்னணியை மாற்றி.

அந்தக் காலத்து முருகன் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சட்டம் செல்லரித்து, ஓரம் பழுப்பேறிப் போன படம். கடையில் வேலையில்லாத மத்தியானங்களில் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உடம்பில் ஒரு எலும்பு, ஒரு நரம்பு தெரியாது. தோள் உருண்டை, கன்னம் பச்சைப்பிள்ளைக் கன்னம். ஆனால் நகை மட்டும் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருக்கும். அட்டிகையில் ஒரு சிவப்புக்கல் என்றால் கல்லின் இடது மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் ஒரு மஞ்சள் கீற்று. அதே மாதிரி வெள்ளைப் புள்ளி இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் இருக்கிறது, ஸ்டுடியோ விளக்குக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்த போட்டோவில் விழுமே, அப்படி. முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் வருகிறது. அது மேடை வெளிச்சம். நாடகத்தில் நடிகர் எந்த நேரமும் சபையைப் பார்த்துத்தான் நிற்பார், பக்கத்தில் இருக்கிற வள்ளியிடம் பேசினாலும் முகம் நம் பக்கம்தான். கொண்டைய ராஜுவின் முருகனும் அப்படி நிற்கிறார். வேல் ஒரு கையில், அபயம் ஒரு கையில், கண் நம்மேல்.

ஆகவே “அந்தக் காலத்தில் சாமி சாமியாக இருந்தது, இப்போது சினிமா வந்து கெடுத்துவிட்டது” என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்துச் சாமியே நாடகத்திலிருந்தும் போட்டோ ஸ்டுடியோவிலிருந்தும் வந்ததுதான்.

அதற்கும் முன்னால் ரவிவர்மா. 1894-ல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கினார். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் புடவை கட்டிவிட்டு, நாலு கையோடு, பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி வரைந்து ஊரெல்லாம் பரப்பினார். கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வீட்டுக்கும் அந்தக் காகிதத்தில் லட்சுமி போனாள். இதை அச்சுத் தொழில் செய்த புண்ணியம் என்றே நான் சொல்லுவேன்.

அந்த அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர் தாதாசாகேப் பால்கே. பிறகு பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிய வெளிநாட்டு மௌனப் படம் ஒன்றைப் பார்க்கிறார். திரையில் இயேசு போய்க்கொண்டிருக்கிறார், இவர் மனசுக்குள் ராமரும் கிருஷ்ணரும் ஓடுகிறார்கள். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படம் எடுத்தார், 1917-ல் ‘லங்கா தகனம்’. லங்கா தகனத்தில் ராமர் திரைக்கு வந்ததும் ஜனம் தரையில் விழுந்து கும்பிட்டதாம். அதில் ராமராகவும் சீதையாகவும் நடித்தவர் ஒரே ஆள், சாலுங்கே. அதற்கு முன்னால் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். நேற்று வரை அடுப்படியில் நின்றவரை இன்றைக்குத் திரையில் கும்பிடுகிறார்கள். கும்பிட்டவர்களுக்கு அவர் யார் என்று தெரியாமல் இல்லை, தெரிந்தால்தான் என்ன?

நம் பக்கம் என்.டி. ராமராவ். ‘மாயா பஜார்’ 1957-ல் வந்தது, அவர் கிருஷ்ணர். அந்தக் கிருஷ்ணர் வேஷத்துப் படத்தையே ஆந்திராவில் பூஜையறையில் வைத்தார்கள். திருப்பதி போய்விட்டு அப்படியே சென்னைக்கு வந்து அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள் என்பார்கள். தமிழில் ஏ.பி. நாகராஜன்: 1965-ல் ‘திருவிளையாடல்’, அடுத்த வருடம் ‘சரஸ்வதி சபதம்’, 1967-ல் ‘கந்தன் கருணை’. கந்தன் கருணையில் முருகனாக வந்தவர் சிவகுமார். அவரும் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்! காலண்டரில் முருகனை வரைந்தவரும் சினிமாவில் முருகனாக நின்றவரும் ஒரே இடத்தில் தூரிகை பிடித்தவர்கள் என்பதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. படத்தில் அவர் நின்ற நிற்பும் காலண்டர் நிற்புதான்.

என் வாடிக்கையாளர்கள் சாமி பெயரோடு நடிகை பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். வயசான அம்மாக்கள், “கே.ஆர். விஜயா மாதிரி சாந்தமா ஒரு அம்மன் குடு” என்பார்கள். தொண்ணூறுகளில் ‘அம்மன்’ படம் வந்த பிறகு ரம்யா கிருஷ்ணன். அகலக் கண், பெரிய பொட்டு, உதட்டோரம் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒன்று. இது அவமரியாதை என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. முகம் இல்லாமல் எப்படிக் கும்பிடுவது, ஏதோ ஒரு முகம் வேண்டுமே.

டி.வி. ராமாயணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1987 ஜனவரியிலிருந்து அடுத்த வருட ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.க்கு மாலை போட்ட நாடு இது. 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் ஒரே கட்சியில் நின்று எம்.பி. ஆனார்கள். ராமராக நடித்த அருண் கோவில் 2024 வரைக்கும் காத்திருந்தார்.

சரி, எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறேன். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நேர்ச்சை நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, ஆளாளுக்கு ஒரு வேஷம் போடுவார்கள். குரங்கு, கரடி, போலீஸ், நர்ஸ், குறவன், ராஜா, எமன். ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவார்கள். தசரா குழுக்கள் சினிமா, டி.வி. நடிகர் நடிகைகளைக் கூட்டிவந்து ஆட வைக்கிறதும் உண்டு. ஆபாச ஆட்டம் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது விஷயம். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம்.

எல்லா வேஷத்திலும் காளி வேஷத்துக்குத்தான் விரதம் கடுமை. கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சடைமுடி, முதுகில் கட்டுகிற கைகள் என்று சாமான் நிறைய. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் வருடா வருடம் காளி போடுகிறார். ஒரு வருடம் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஒரு அம்மன் படத்தின் கிளைமாக்ஸை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, “இந்தக் கிரீடத்துல நடுவுல நாகம் இருக்குல்லா, அத அப்படியே அட்டையில பிரிண்ட் போட்டுக் குடுங்க அண்ணே, மேல நான் ஜிகினா ஒட்டிக்கிடுதேன்” என்றார். பக்கத்தில் என் ஆல்பத்தில் இருந்த காளியையும் பார்த்துக்கொண்டார். நாகம் சினிமாவிலிருந்து, நாக்கின் நீளம் காலண்டரிலிருந்து. போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் தசராவில் அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் அரிதாரம், நான் கொடுத்த அட்டை நெற்றியில் பளபளக்கிறது. ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். இவர் குனிந்து, அந்தக் கண்மலர் ஓட்டை வழியாகப் பிள்ளையை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருநீறு பூசினார். பாட்டி “அம்மா, தாயே” என்று காலில் விழுந்தாள். கொஞ்சம் தள்ளி நின்ற அவருடைய சொந்த அம்மாவும் அன்றைக்கு அவரை “தாயே” என்றுதான் கூப்பிட்டார். அட்டை, ஜிகினா, சினிமா நாகம் எதுவும் அங்கே குறுக்கே நிற்கவில்லை. சாமி என்னைப் பார்த்துவிட்டது என்ற ஒன்று போதும் அந்தப் பாட்டிக்கு.

தூத்துக்குடியில் என் பாதி ஆர்டர் மாதா கோயில்காரர்களிடம். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5, ஆல்பம் வருகிற அதே வாரம். அவர்களுக்கு ஓவியம் வேண்டாம், சுரூபத்தின், அதாவது மாதா சிலையின் போட்டோதான் வேண்டும், அதுவும் எங்கள் மாதா, வேளாங்கண்ணி மாதா இல்லை. நீல விளிம்பு கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பைபிள் வசனக் காலண்டர் கேட்கிற சபைக்காரர்கள் வேறு ரகம். அவர்களில் சிலர் கேட்கிற இயேசு, பழுப்பு முடி தோளில் விழ, சற்றுச் சாய்ந்து மேலே பார்க்கிற அந்த முகம், சிகாகோவில் விளம்பரப் படங்கள் வரைந்துகொண்டிருந்த வார்னர் சால்மன் 1940-ல் வரைந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் அச்சான படம். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப்பையில் வைக்கக் குட்டி அட்டையாக அடித்துக் கொடுத்தார்கள். சாயர்புரத்தில் ஒரு வீட்டில் அது மாட்டியிருக்கிறது என்றால் நடுவில் எத்தனை அச்சகம் கைமாறியிருக்கும்!

காயல்பட்டினத்தில் முகமே கிடையாது. மக்கா, மதீனாவின் பச்சைக் குவிமாடம், ஹிஜ்ரி தேதி, தொழுகை நேரம். சில கடைகளில் அந்தக் குவிமாடமும் வேண்டாம், அரபு எழுத்து மட்டும் போதும் என்பார்கள். ஆனால் அந்த எழுத்தின் வளைவுக்குத் தங்க ஃபாயில் எப்படி விழுந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள் பாருங்கள், எந்த அம்மன் பக்தரும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. பணம் எண்ணுகிற மேஜைமேல் போனில் நாகூர் ஹனிபா ஓடிக்கொண்டிருப்பார். அதே குரல் தி.மு.க. மேடையில் கட்சிப் பாட்டும் பாடியது, எங்கள் ஊர் இந்துக்கள் கேட்டு வளர்ந்ததும் அதே குரல்.

ஒரு டீக்கடைக்காரர் மட்டும் பெரியார் படம் போட்டுத்தான் அடிப்பார். ராகு காலம், எமகண்டம் இல்லாத தேதித் தாள் வேண்டும் என்று சண்டை போடுவார், அது தனியாக அச்சடித்தால்தான் உண்டு. செப்டம்பர் 17-ஆம் தேதி அந்தப் படத்துக்கு மாலை போடுவார். கேட்டால், “அது பக்தி, இது மரியாதைடே” என்பார். நான் மேற்கொண்டு கேட்பதில்லை, ஆர்டர் முக்கியம்.

இப்போது அந்தப் புது முருகனுக்கு வருகிறேன். முறைத்துப் பார்க்கிற அனுமன் முகம் ஒன்று காவியும் கறுப்புமாகக் கார் கண்ணாடிகளில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காசர்கோடு பக்கத்து கரண் ஆச்சார்யா 2015-ல் ஊர்ப் பையன்களின் கொடிக்காக வரைந்தது. எந்த அச்சகமும் விற்காமலே அது நாடு முழுக்கப் போய்விட்டது. அப்புறம் சிவன், ராமர், இப்போது முருகன் என்று எல்லோருக்கும் கட்டுமஸ்தான உடம்பு. 2024 ஆகஸ்டில் அறநிலையத்துறை பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது, 2025 ஜூனில் இந்து முன்னணி மதுரையில் முருக பக்தர்கள் மாநாடு நடத்தியது. முருகனுக்கு மவுசு கூடிய காலம் இது.

கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு அரசியல் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். என் தொழில்காரன் கண்ணுக்கு வேறு ஒன்றும் தெரிகிறது. காலண்டர் சாமி ஒரு வருடம் ஒரே ஆணியில் தொங்க வேண்டியவர். தினமும் அதே வீட்டு ஆட்கள், அதே பத்தி, அதே சண்டை சச்சரவு. முறைத்துக்கொண்டே இருந்தால் பொங்கலுக்குள் கழற்றிவிடுவார்கள். போனில் வருகிற சாமிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு நொடி. ஓடுகிற கட்டைவிரலை நிறுத்த வேண்டும் என்றால் ஹீரோ அறிமுகக் காட்சி மாதிரிதான் வர வேண்டும். ஹீரோ அறிமுகத்தில் ஹீரோ நம்மைப் பார்ப்பதில்லை, அடிவாங்கப் போகிறவனைப் பார்க்கிறார். அந்தப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினால் அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு உறுத்தத்தான் செய்யும். உடம்பு எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், பார்வையைத் திருப்பியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதைச் சிவகாசியில் டிசைன் பண்ணுகிற தம்பியிடம் போனில் சொன்னேன். “அண்ணே, ஏ.ஐ.ல முருகன்னு அடிச்சாலே அது சண்டைக்குப் போற மாதிரிதான் குடுக்குது. நேரா பாருன்னு தனியாச் சொல்லணும்” என்றான். என் பழைய படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதை உள்ளே கொடுத்து, முகம் இதே மாதிரி வர வேண்டும் என்று கேட்டுப் பார்த்தான். போன வாரம் வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. கன்னம் வந்துவிட்டது, கருவிழியில் அந்த வெள்ளைப் புள்ளி கூட வந்துவிட்டது, பார்வை நேராக இருக்கிறது. கழுத்துக்குக் கீழே மட்டும் பழையபடி ஜிம் உடம்பு. வயிற்றில் இருக்கிற கட்டங்களை எடுத்துவிட்டு, மயில் தோகையையும் சரியான இடத்தில் ஒட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குள் ப்ரூஃப் தருகிறேன் என்றிருக்கிறான்.